ஆண்டறிக்கை: சொந்தச் சேசிஸ் வண்டிகளும் ஐ.வி.ஏ. ஒப்புதலும்

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பழைய காரின் என்ஜின், கியர்பாக்ஸ், பின் அச்சு ஆகியவற்றைக் கழற்றி, நாமே வெல்டிங் செய்த சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) ஏற்றி, அதை பிரிட்டன் சாலையில் சட்டப்படி ஓடவைக்கும் வேலைக்கே சங்கப் பட்டறை இந்த ஆண்டில் அதிக நேரம் கொடுத்தது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வைக்கிறார்.

சேசிஸ் புதிதென்றால் வண்டியும் புதிதுதான். பழைய காரின் பதிவெண் அதற்குத் தானாக வந்துவிடாது. முதலில் அரசின் வண்டிச் சோதனை முகமையான டி.வி.எஸ்.ஏ.வின் ஐ.வி.ஏ. (தனி வண்டி ஒப்புதல்) சோதனையில் தேற வேண்டும். அந்தச் சான்றிதழுடன் வி55/5 (பதிவு விண்ணப்பம்), வி627/1 (கட்டிய வண்டியின் விவர அறிக்கை) படிவங்களையும் ரசீதுகளையும் படங்களையும் சேர்த்து, வண்டிகளைப் பதிவு செய்யும் முகமையான டி.வி.எல்.ஏ.வுக்கு அனுப்ப வேண்டும். பாகங்களின் வயதையும் மூலத்தையும் காட்ட முடியாவிட்டால் வயதோ மூலமோ தெரியாத வண்டி என்று காட்டும் க்யூ எழுத்துப் பதிவெண்தான் கிடைக்கும். ஆகவே வெட்டிய குழாய் மேசைமேல் கிடக்கும் நாளிலிருந்தே படம் எடுங்கள். பெயின்ட் அடித்த பிறகு வெல்டிங்கைக் காட்ட வழியில்லை. என்ஜினின் ஆண்டுக்குத் தயாரிப்பாளரிடம் கடிதம் வாங்கி வையுங்கள். அது இல்லாவிட்டால் புதிய என்ஜினுக்குரிய புகை வரம்பு பொருந்தும், பழைய கார்புரேட்டர் என்ஜின் அதில் தேறாது.

சோதனைக்கு முன் பட்டறையில் நாம் பார்த்த வண்டிகளில் அதிகம் தொல்லை கொடுத்தது ஸ்டீயரிங்தான். வட்டமடித்துக் கையை விட்டால் ஸ்டீயரிங் சக்கரம் தானே நேராகத் திரும்பப் பார்க்க வேண்டும். எடை குறைந்த வண்டியில் அகலமான டயர் போட்டு, காஸ்டர் கோணத்தையும் (முன் சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வையும்) குறைவாக வைத்தால் அது திரும்பிய நிலையிலேயே நின்றுவிடுகிறது. டயர் காற்றை ஏற்றி இறக்கிச் சமாளிப்பதை நான் ஏற்பதில்லை. ஸ்டீயரிங் தண்டைத் தாங்கும் புஷ் அளவுக்கு மீறி இறுக்கமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பிறகு காஸ்டரைக் கூட்டுங்கள். இதற்காகவே முன் சக்கரத்தைத் தாங்கும் மேல் கையான விஷ்போனில் சரிசெய்யும் இடம் விட்டுக் கட்டச் சொல்கிறோம்.

அடுத்தது கூர்விளிம்பு. 100 மி.மீ. விட்டமுள்ள பந்து தொடக்கூடிய வெளிப்புற விளிம்பெல்லாம் குறைந்தது 2.5 மி.மீ. ஆரத்துக்கு மழுங்கியிருக்க வேண்டும். மட்கார்டின் ஓரம் பெரும்பாலும் எல்லோர் கண்ணிலும் படும். கண்ணாடித் தாங்கியின் அடியில் துருத்தும் போல்ட் முனையும் குழாய்க் கவ்வியின் நாக்கும்தான் தப்பிவிடுகின்றன. போல்டுக்குத் தொப்பி மூடி, தகட்டு ஓரத்துக்கு ரப்பர் விளிம்பு போதும். ஆனால் ரப்பர் கையோடு கழன்று வரக்கூடாது.

சீட் பெல்ட் விஷயத்தில் சமரசமே வேண்டாம். 1.6 மி.மீ. சுவருள்ள சதுரக் குழாயில் வெறும் துளை போட்டு நட் வைத்தால், இழுவிசையில் குழாய் கிழியும். குழாயை ஊடுருவித் தடித்த புஷ் (உருளைத் துண்டு) செருகி இரு பக்கமும் வெல்டிங் செய்து, அதில் 7/16 அங்குல யு.என்.எஃப். (நெருக்கமான அங்குல அளவு) மரை போடுங்கள்.

பிரேக்கை அழுத்தினால் முன் சக்கரங்கள்தான் முதலில் சுழலாமல் பூட்டிக்கொள்ள வேண்டும். பழைய காரின் பின் பிரேக்கை அப்படியே போட்டால், எடை குறைந்த பின்பக்கச் சக்கரங்கள் முந்திப் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். முன் பின் விகிதத்தை மாற்றும் திருகு இருந்தால், சரிசெய்தபின் திருப்ப முடியாதபடி பூட்டிவிடுங்கள். பிரேக் குழாய்க்குச் சாணுக்கு ஒரு கிளிப். நைலாக் நட்டுக்கு (கழலாமல் பிடிக்க நைலான் வளையம் உள்ள நட்டுக்கு) வெளியே ஒரு மரையாவது முழுதாகத் தெரிய வேண்டும். ஒருமுறை கழற்றிய நைலாக்கை மறுபடி போடாதீர்கள்.

சைலன்சர் ஒலி 99 டெசிபலைத் தாண்டக்கூடாது. ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்துக்குக் கீழே காட்டவே கூடாது. டயர் அளவை மாற்றியவர்கள் ஜி.பி.எஸ். வைத்து ஓட்டி ஒப்பிடுங்கள்.

வரும் ஆண்டில் வண்டியின் நான்கு சக்கரங்களிலும் விழும் எடையைக் காட்டும் எடைமானி வாங்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. வண்டியின் விவரத் தகட்டில் பொறிக்க வேண்டிய அச்சு எடையை ஊகித்து எழுதும் வழக்கம் அதனால் நிற்கும். 100 மி.மீ. சோதனைப் பந்தும் 2.5 மி.மீ. ஆர அளவியும் கருவி அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. எடுத்துப் போகிறவர்கள் பதிவேட்டில் எழுதிவிட்டு எடுங்கள்.

செயலாளர்