அல்லிக் குளத்துக்கு வெளியே

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து மீண்டும் வண்ணப்பெட்டியைத் திறந்திருக்கிறாய் என்பதை அறிந்து மகிழ்ந்தேன். மருமகள் தந்த நாட்காட்டியில் பன்னிரண்டு மாதமும் பிரெஞ்சு ஓவியர் மொனேயின் அல்லிக் குளம்தானா என்று நீ சலித்துக்கொண்டதும் நியாயமே. நானும் பல ஆண்டுகள் அவரை அந்தக் குளத்தோடு நிறுத்திவைத்திருந்தவன்தான். சென்ற மாதம் மகளோடு பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்திற்குப் போய்வந்த பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது.

பதின்ம வயதில் லெ ஆவ்ர் நகரத்தாரைக் கேலிச்சித்திரங்களாக வரைந்து விற்றவர் அவர் என்பது உனக்குத் தெரிந்திருக்கும். நான் சொல்ல வருவது 1875-இல் வரைந்த 'நிலக்கரி இறக்குவோர்' என்ற ஓவியத்தைப் பற்றி. அப்போது அவர் ஆர்ஜெந்தேயில் குடியிருந்தார். அங்கிருந்து பாரிசுக்கு ரயிலில் போகும் வழியில் உள்ள அனியேரில், சேன் ஆற்றுப் படகுகளுக்கும் கரைக்கும் இடையே குறுகலான பலகைகளைப் போட்டு, கூடை சுமந்த ஆட்கள் ஏறுவதையும் இறங்குவதையும் கரியும் புகையுமான நிறத்தில் தீட்டியிருக்கிறார். ஒருவருக்கும் முகம் தெரியவில்லை. தலைக்கு மேலே இரும்புப் பாலம் குறுக்கே ஓடுகிறது. உழைப்பை அவர் இவ்வளவு நேராகப் பார்த்து வரைந்த படம் வேறு இல்லை என்றே நினைக்கிறேன்.

அங்கிருந்து அவருடைய மனைவி கமீலின் மரணப்படுக்கை ஓவியத்திற்கு வந்தபோது என்னால் நகர முடியவில்லை. 1879 செப்டம்பரில் வெத்தேயில் அவள் இறந்தாள், வயது 32. வெள்ளையும் சாம்பலும் மங்கிய ஊதாவுமான தூரிகைக் கோடுகள் தலையணையையும் துணியையும் அடித்துக்கொண்டு ஓட, அவற்றுக்கு நடுவில் முகம் மூழ்கிக்கொண்டிருப்பதுபோல் தோன்றுகிறது. அந்த நேரத்திலும் அவள் முகத்தில் மாறிவந்த நீலம், மஞ்சள், சாம்பல் நிறங்களைத் தன் கண் தானாகவே கணக்கிட்டுக்கொண்டிருந்ததைப் பல ஆண்டுகள் கழித்து நண்பர் கிளெமான்சோவிடம் மொனே சொல்லியிருக்கிறார். இதைக் கல்நெஞ்சம் என்று என் மகள் சொன்னாள். நான் அப்படி நினைக்கவில்லை. பழகிய கைக்கு அழத் தெரிந்த விதம் அது ஒன்றுதான் போலும். கடைசிவரை அவர் அந்தப் படத்தை விற்கவில்லை.

இத்துடன் ஓர் அஞ்சலட்டை அனுப்பியிருக்கிறேன். 1868-69 குளிர்காலத்தில் எத்ரெத்தா அருகே தீட்டிய படம். பனி மூடிய வெளியில், வேலிப் படலின் மேல் காக்கை இனத்துக் கறுப்பு வெள்ளைப் பறவை ஒன்று உட்கார்ந்திருக்கிறது. 1869-இல் பாரிசின் அரசுக் கண்காட்சி இதை ஏற்க மறுத்தது. பறவையை விட்டுவிடு, பனியில் விழுந்திருக்கும் வேலியின் நிழலைப் பார். அந்த நீலத்தைக் கலக்க மூன்று மாலைகள் முயன்றேன். ஒவ்வொரு முறையும் சாம்பலாகவே வந்தது. நம் இருவரில் நிறம் கலக்கத் தெரிந்தவன் எப்போதும் நீதான். கலந்து பார்த்து, தாளின் ஓரத்தில் ஒரு தீற்று தீற்றி அனுப்பு.

உன்
ராகவன்