கடப்பாறைப் படியைத் தாண்டியாயிற்று

போளூர்,
மாசி 7

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுதாததற்கு வழக்கம்போல விடைத்தாள் கட்டைக் காரணம் சொல்லலாம். ஆனால் இந்தத் தடவை நிஜமான காரணம், நாலு நாளாக என்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. மாடிப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கமாக இறங்கினேன். தொடை இரண்டும் அப்படிப் பிடித்துக்கொண்டன. சிரிக்காதே. பர்வதமலைக்குப் போய் வந்தோம். குடும்பத்தோடு, உச்சி வரைக்கும்.

இந்த 'உச்சி வரைக்கும்' உனக்குத்தான் புரியும்.

முதலில் உன் சமாச்சாரம். பையனுக்குப் பெங்களூரிலேயே வேலை கிடைத்ததில் எங்கள் எல்லாருக்கும் சந்தோஷம். சர்க்கரை ஏறியிருக்கிறது என்று எழுதியிருந்தாய். அதற்கு மாத்திரை போடுகிறாயா, இல்லை வெந்தயத் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டாயா என்று எழுதவில்லை. அதை எழுது. பூனா வீட்டைக் காலி செய்துவிட்டு ஊர்ப்பக்கமே வந்துவிடுகிறேன் என்பதை ஏழு வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். லாரி வந்து வாசலில் நிற்கும்போது நம்புகிறேன்.

சரி, மலைக் கதை. பொங்கலுக்குப் பெரியவள் சென்னையிலிருந்து வந்திருந்தாள். காணும் பொங்கலன்று கலசபாக்கம் பக்கம் ஒரு உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, சாயங்கால வெளிச்சத்தில் மலை பளிச்சென்று தெரிந்தது. நான் வழக்கமான கதையை ஆரம்பித்தேன். "1991ல நாங்க அஞ்சு பேர் கடலாடி வழியா ஏறினோம், எங்க செட்டில ஒருத்தனுக்குக் கால் பிடிச்சுக்கிச்சு, இல்லேன்னா..." சின்னவன் பின் சீட்டிலிருந்து கேட்டான்: "அப்ப நீங்க இந்த மலை ஏறினதே இல்லையாப்பா?" முப்பத்து நாலு வருடமாகச் சொல்லும் கதையில் இப்படி ஒரு ஓட்டை இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஏறுவதென்று காரிலேயே முடிவாகிவிட்டது.

உன் தங்கச்சிதான் நிபந்தனை போட்டாள். சும்மா கிளம்பிப் போய் நடுவழியில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்காரக் கூடாது, நாலு ஞாயிற்றுக்கிழமை நம் சம்பத்கிரியில் ஏறி இறங்கிப் பழக வேண்டும் என்றாள். ஏறினோம். முதல் வாரம் நரசிம்மர் சந்நிதிக்குப் போய்ச் சேர்ந்ததும் நான் கும்பிடாமல் தூணில் சாய்ந்துகொண்டு நின்றேன். நாலாவது வாரம் பரவாயில்லை. முட்டிவலிக்காரி என்று நான் இருபது வருடமாக நினைத்துக்கொண்டிருப்பவள், நாலு வாரமும் எனக்கு முன்னால் போய்விட்டு மேலே உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தாள்.

பௌர்ணமியைத் தவிர்த்துவிட்டு ஒரு சாதாரண ஞாயிறாகப் பார்த்துக்கொண்டோம். பௌர்ணமியன்று போனால் முன்னால் போகிறவரின் குதிகாலைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியாது. தென்மாதிமங்கலம் வழி. பஸ் பலகையில் தென்மகாதேவமங்கலம் என்றிருக்கும், வாயில் வருவது தென்மாதிமங்கலம்தான். அடிவாரத்தில் பச்சையம்மன் கோயிலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த முனிகளின் பெரிய சிலைகள் இருக்கின்றனவே, முறுக்கு மீசையும் உருட்டு விழியுமாக, விடியாத இருட்டில் அவர்களைக் கடந்து போவதே ஒரு சோதனை. சின்னவன் அக்காவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு போனான். பதினைந்து வயது, மீசை அரும்பிவிட்டது; நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஆளுக்கு ஒரு கம்பு, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், எலுமிச்சம்பழச் சாதம், உரித்த ஆரஞ்சு, உப்புப் போட்ட நெல்லிக்காய். ஐந்தரைக்கு ஏற ஆரம்பித்தோம். முதலில் வருவது படிகள். படி என்றால் சுலபம் என்று நினைப்பாய். இல்லை. ஒன்று அரையடி, அடுத்தது ஒன்றரையடி. கால் ஒரு கணக்குக்கு வருவதற்குள் கணக்கு மாறிவிடும். கணக்கு வாத்தியாருக்கே இந்தக் கதி. காட்டுக்குள் அசைவே இல்லை, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒரு மணி நேரம் யாரும் பேசவில்லை. எங்கள் வீட்டில் இது ஒரு சாதனை.

படி முடிந்ததும் வெறும் பாறையும் வேருமாக ஒரு பாதை. அங்கேதான் வேலைக்காரர் ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார். ஐம்பது வயதிருக்கும், வெறுங்கால், தலையில் சும்மாடு, அதன்மேல் தண்ணீர் கேன். மேலே கடை போட்டிருப்பவர்களுக்குச் சுமக்கிறார். கேன் ஒரு சொட்டுக்கூட ஆடவில்லை. பெரியவள் "எத்தனை தடவைண்ணா ஏறுவீங்க?" என்று கேட்டாள். "ரெண்டு நடை" என்றார் திரும்பாமலே. அதற்கப்புறம் எனக்கு மூச்சு வாங்குகிறது என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாகிவிட்டது. மேலே மோர் விலை அதிகம் என்று புலம்புகிறவர்கள் அவர் பின்னாலேயே ஒரு தடவை நடந்து பார்க்க வேண்டும்.

கடலாடி வழி வந்து சேருகிற இடத்தில் உட்கார்ந்தோம். அந்த இடம் உனக்கு ஞாபகம் இருக்கும். நீ அன்றைக்கு அங்கேதான் ஒரு பாறைமேல் ஏறி நின்று, இதுதான் நவிரமலை, இங்கேயிருந்து தெரிகிற செங்கம்தான் நன்னனுடைய செங்கண்மா, இந்த மலைச்சாமியைத்தான் மலைபடுகடாம் காரியுண்டிக் கடவுள் என்கிறது, காரி என்றால் நஞ்சு, நஞ்சை உண்ட சிவன் என்றெல்லாம் பிரசங்கம் செய்தாய். 583 அடியும் மனப்பாடம் என்று வேறு அடித்துவிட்டாய். எங்களுக்கு அன்றைக்குப் பசி மட்டும்தான் ஞாபகம். இந்தத் தடவை கிளம்புவதற்கு முன் பள்ளி நூலகத்தில் எடுத்துக் கொஞ்சம் படித்துவிட்டுத்தான் போனேன். முழுவதும் புரியவில்லை, உரையை வைத்துக்கொண்டுதான். ஒரு விஷயத்தில் அசந்துபோனேன். நன்னனிடம் பரிசு வாங்கிவந்த கூத்தன், இனிமேல் போகப்போகிற கூத்தனுக்கு வழி சொல்கிறான் அல்லவா, அதில் ராஜாவின் பெருமை ஒரு பக்கம் இருக்கட்டும், கால் வைப்பதைப் பற்றி என்னமாய்ச் சொல்லியிருக்கிறார்கள்! நுண்ணிய பாசி படிந்து காலை வழுக்கிவிடும் இடம் இருக்கிறது, அங்கே மூங்கிலையும் நாணல் தண்டையும் பிடித்துக்கொண்டு கடந்து போங்கள் என்கிறான். பெரிய பெரிய யாழையும் முழவையும் தூக்கிக்கொண்டு, பெண்டு பிள்ளைகளோடு நடந்தவர்கள். எழுதினவர் நிச்சயம் ஒரு தடவையாவது வழுக்கி விழுந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

இதைப் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு குரங்கு வந்து ஆரஞ்சுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டது. இலக்கியம் அத்தோடு முடிந்தது.

இனிமேல்தான் விஷயம்.

கடப்பாறைப் படி அப்படியேதான் இருக்கிறது. நிமிர்ந்த பாறையில் இரும்புக் கடப்பாறைகளை அடித்து இறக்கியிருக்கிறார்கள், கூடவே சங்கிலி. காலங்காலமாகக் கைபட்டுக் கைபட்டு இரும்பு வழவழவென்று கறுத்துக் கிடக்கிறது. உள்ளங்கையை முகர்ந்து பார்த்தால் பழைய பத்துப் பைசா வாசனை. பாதம் வைக்கிற இடங்களில் பாறை வெள்ளையாகத் தேய்ந்து, சின்னக் கிண்ணம் மாதிரிக் குழிந்திருக்கிறது. ஏறுவது ஒன்றும் கஷ்டமில்லை. ஒரு காலை வைத்து, ஒரு கையை மாற்றி, அடுத்த காலை வைத்தால் போதும். திரும்பிப் பார்க்கத்தான் கூடாது. பின்னால் தரை கிடையாது. காற்று இருக்கிறது, ரொம்பக் கீழே ஏரி ஒன்று தகரத் துண்டு மாதிரி மினுங்குகிறது.

உன் தங்கச்சி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முதலில் ஏறினாள். அடுத்து பெரியவள். மூன்றாவது நான், எனக்குப் பின்னால் சின்னவன். நான் ஏழெட்டுக் கடப்பாறை ஏறியிருப்பேன். திரும்பிப் பார்த்துவிட்டேன்.

அவ்வளவுதான். கை சங்கிலியை விடவில்லை, கால் மேலே வரவில்லை. ஆடுசதை தையல் மிஷின் மாதிரி தடதடவென்று ஆடுகிறது. பின்னால் வந்தவர்கள் "சார் போங்க, சார் போங்க" என்கிறார்கள். அவர்களில் ஒருவன் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவனோ என்று அந்த நேரத்தில் ஒரு சந்தேகம் வேறு. அப்போது கீழேயிருந்து சின்னவன் சத்தமாகச் சொன்னான்: "அப்பா, எனக்குக் கால் பிடிச்சுக்கிச்சு. கொஞ்சம் நில்லுங்க." பின்னால் இருந்தவர்கள் சத்தம் அடங்கியது. "தம்பிக்குக் கால் பிடிச்சுக்கிச்சாம், இருப்பா" என்று ஒருத்தர் மற்றவர்களுக்குச் சொன்னார். நான் கண்ணை மூடிப் பாறையில் நெற்றியை வைத்துக்கொண்டேன். பாறை வெதுவெதுவென்று இருந்தது. இரண்டு நிமிஷமோ ஐந்து நிமிஷமோ, ஆட்டம் நின்றது. மேலே ஏறினேன்.

ஏறி உட்கார்ந்ததும் அவன் காலைப் பார்த்தேன். குரங்கு மாதிரித் தாவி வந்தான். "எங்கடா பிடிச்சுது?" என்றேன். "இப்ப சரியாயிடுச்சுப்பா" என்று வேறு பக்கம் பார்த்தான்.

அந்த நிமிஷம் உன் முகம்தான் எனக்கு முன்னால் வந்து நின்றது. 1991. இதே இடம். அன்றைக்கும் நான் இந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ கீழேயிருந்து "டேய் எனக்குக் கால் பிடிச்சுக்கிச்சு, இறங்கிடலாம்" என்று கத்தினாய். மற்ற மூன்று பேரும் உன்னைத் திட்டித் தீர்த்தார்கள். ஹாஸ்டலில் ஒரு மாதம் உனக்கு 'நொண்டி நன்னன்' என்று பேர். நானும் கூப்பிட்டேன். அதற்கப்புறம் முப்பத்து நாலு வருடம், கல்யாண வீட்டில், காது குத்தில், பிள்ளைகளிடம், எல்லா இடத்திலும் உன் காலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு இறங்கும்போது நீ எனக்கு முன்னால் விடுவிடுவென்று போனது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. கால் பிடித்தவன் அப்படி இறங்க மாட்டான். இது எனக்கு இப்போது நன்றாகத் தெரியும், என் தொடையைக் கேள்.

நீ எழுது. உண்மையிலேயே பிடித்ததா?

அதற்கு மேலே தண்டவாளப் படி, ஏணிப் படி, ஆகாயப் படி எல்லாம் இருக்கின்றன. பேரைக் கேட்டால் பயமாக இருக்கும், ஆனால் கடப்பாறையைத் தாண்டினவனுக்கு அவை பெரிதில்லை. தண்டவாளப் படி நிஜமாகவே ரயில் தண்டவாளத் துண்டுகள்தான். இதையெல்லாம் யார், எப்படி இவ்வளவு உயரம் சுமந்திருப்பார்கள் என்று அந்தத் தண்ணீர் கேன்காரரை நினைத்துக்கொண்டேன். பத்தே முக்காலுக்கு மல்லிகார்ஜுனர் முன்னால் நின்றோம். அங்கே நாமே கையால் அபிஷேகம் செய்து பூப்போடலாம் இல்லையா, அதுதான் எனக்குப் பிடித்தது. உன் தங்கச்சி வழியெல்லாம் தூக்கிவந்த பால் பாட்டிலைத் திறந்து ஊற்றினாள். பெரியவள் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று கேட்கவில்லை. பிரமராம்பிகை சந்நிதியில் சின்னவன் விபூதியை அள்ளிப் பூசிக்கொண்டு வெள்ளையடித்த சுவர் மாதிரி வந்து நின்றான்.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளுகிறது. ஒரு பக்கம் ஜவ்வாது மலை நீலமாக நீண்டுகிடக்கிறது, எதிர்ப்பக்கம் திருவண்ணாமலை தனியாக நிற்கிறது. செய்யாறு மணல் கோடாகத் தெரிந்தது. சேயாறு என்று சொல்லியிருந்தால் நீ சந்தோஷப்படுவாய். எலுமிச்சம்பழச் சாதம் அமிர்தம். மோர் இரண்டு டம்ளர் குடித்தேன், விலை கேட்கவில்லை.

இறங்கினதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஏற்றத்தைவிட இறக்கம்தான் ஆளைக் கொல்லும். கடப்பாறையில் பாறையைப் பார்த்துக்கொண்டே, பின்பக்கமாக, ஒவ்வொரு காலாகத் துழாவி இறங்கினேன். பெரியவள் படியில் சறுக்கி முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள், மஞ்சள் வைத்ததில் ஆறிவிட்டது. நாலு மணிக்குப் பச்சையம்மன் கோயில் வாசலில் வந்து விழுந்தோம். காலையில் பயமுறுத்திய முனிகள் வெயிலில் பார்க்க ஊர்ப் பெரியவர்கள் மாதிரிதான் இருந்தார்கள்.

மார்கழிக்கு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். மார்கழி முதல் தேதி பர்வதமலை கிரிவலம் வரும். சுற்றி வருவதில் கடப்பாறை கிடையாது, சர்க்கரைக்கும் நல்லது. மலை ஏறித்தான் ஆகணும் என்றால் அதற்கும் நான் தயார், ஆனால் நீ எனக்குப் பின்னால் வர வேண்டும். சின்னவனிடம் உன் கதையைத் திருத்திச் சொல்லிவிட்டேன். "அந்த மாமா எப்ப வருவாங்க?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.

போன தடவை நீ எடுத்துப்போன ஊறுகாய் ஜாடியைத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னாள் உன் தங்கச்சி. மூடியோடு.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்