அந்த ஆள் மேதை இல்லை, கார்த்தி

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள கார்த்திக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். போனில் இதைப் பேச ஆரம்பித்தால் ரெண்டாவது நிமிஷமே "சரிம்மா, புரியுதும்மா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன ஞாயிறு நீ அனுப்பிய போட்டோவில் உன் பக்கத்தில் நின்ற பையனின் பனியனில் ஒரு தாடிக்காரன் முகம். யார் கண்ணு இது, பாட்டுக்காரனா என்று கேட்டேன். சார்லஸ் மேன்சன் என்றாய். அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். "கொலைகாரன்தாம்மா, ஆனா ஜீனியஸ். தன் கையில ரத்தம் படாம மத்தவங்களச் செய்ய வெச்சான் பாரு" என்றாய். அந்தப் பேச்சு எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

முகம்தான் எனக்குப் பிடிபடவில்லை, பெயர் புதிதில்லை. கூர்நோக்கு இல்லத்துப் பையன்களோடும் நன்னடத்தை அறிக்கைகளோடும் என் காலம் போனது உனக்குத் தெரியும். சீர்திருத்தப் பள்ளிகள் எங்கே தோற்கின்றன என்று எங்களுக்குள் பேச்சு வந்தால் இந்த ஆள் கதையும் வந்துவிடும். கையில் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன்.

1934இல் ஒஹையோ மாநிலம் சின்சினாட்டியில் பிறந்தவன். பெற்றவளுக்கு அப்போது 16 வயது. அவன் குழந்தையாக இருக்கும்போதே ஒரு கொள்ளை வழக்கில் அவள் சிறைக்குப் போனாள். பிள்ளையை உறவினர் வீட்டில் விட்டார்கள். 12 வயதில் இண்டியானாவில் ஒரு விடுதிப் பள்ளி. அங்கிருந்து தப்பி அம்மாவைத் தேடி வந்தவனை அவளே திருப்பி அனுப்பினாள். பிறகு பிளெயின்ஃபீல்டில் ஒரு சீர்திருத்தப் பள்ளி. அங்கே தனக்குப் பாலியல் கொடுமை நடந்ததாகப் பின்னாளில் சொன்னான். அப்புறம் கார் திருட்டு, 37.50 டாலர் அரசாங்கக் காசோலையில் கள்ளக் கையெழுத்து, சிறை மாற்றிச் சிறை. 1967 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலஸ் டெர்மினல் ஐலண்ட் சிறையிலிருந்து வெளியே வந்தபோது அவனுக்கு 32 வயது. அதில் பாதிக்கு மேல் பூட்டிய கதவுக்குள் போனது. என்னை வெளியே விடாதீர்கள் என்று கேட்டானாம்.

அம்மா திருப்பி அனுப்பினாள் என்ற இடத்தில் எனக்கு எப்போதும் மனசு இளகும். அப்படி நின்ற பையன்களை வாசலில் பார்த்திருக்கிறேன். அவர்களில் எத்தனையோ பேர் இன்று லாரி ஓட்டுகிறார்கள், பேக்கரி வைத்திருக்கிறார்கள், என்னை எங்கே பார்த்தாலும் டீ வாங்கித் தராமல் விடுவதில்லை. என் பரிதாபம் அந்த 12 வயசுப் பையனுக்குத்தான். 34 வயசுக்காரனுக்கு அதில் பங்கு கிடையாது.

சரி, ஜீனியஸ் விஷயத்துக்கு வருகிறேன். அவனுக்கு என்ன தெரியும்? மெக்நீல் தீவுச் சிறையில் ஆல்வின் கார்பிஸ் என்ற பழைய கொள்ளைக்காரனிடம் கிட்டார் கற்றான். பெண்களை வைத்துத் தொழில் செய்தவர்களிடம் ஒரு பெண்ணை எப்படி வளைப்பது என்று கேட்டுத் தெரிந்துகொண்டான். ஆட்களிடம் பேசி வசப்படுத்தச் சொல்லித்தரும் டேல் கார்னகி வகுப்பில் உட்கார்ந்தான். சயின்டாலஜி என்ற புது மதத்துக்காரர்களின் சொற்களில் கொஞ்சம் பொறுக்கிக்கொண்டான். அவ்வளவுதான் சரக்கு. அதை விற்க அவனுக்கு வாய்த்த சந்தைதான் பெரிசு. 1967 கோடையில் சான் பிரான்சிஸ்கோவின் ஹெய்ட்-ஆஷ்பரி தெருக்களில் வீட்டை விட்டு வந்த பிள்ளைகள் குவிந்துகிடந்தார்கள். வியட்நாம் போர், அப்பன்களோடு சண்டை, எல்எஸ்டி என்ற போதை மருந்து. முன்பின் தெரியாதவனை நம்புவதே அங்கே ஒரு கொள்கை. மாட்டுத் தரகர் அந்தியூர்ச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல இவன் அங்கே ஆள் பார்த்தான்.

யாரைப் பிடித்தான் பார். முதலில் மேரி பிரன்னர், பெர்க்லி பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்த்தவள். லினெட் ஃப்ரோம், விமானப் பொறியாளரின் மகள். அப்பாவோடு சண்டை போட்டு வெளியேறி வெனிஸ் கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது இவன் வந்து பேச்சுக் கொடுத்தான். பட்ரீசியா கிரென்விங்கல் இன்சூரன்ஸ் கம்பெனி உத்தியோகத்தை, வர வேண்டிய சம்பளத்தைக்கூட வாங்காமல், விட்டுவிட்டு வந்தவள். லெஸ்லி வான் ஹூட்டன் பள்ளி விழாவில் இளவரசியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவள். டெக்ஸ் வாட்சன், டெக்சஸ் கிராமத்தில் படிப்பிலும் விளையாட்டிலும் கெட்டிக்காரன் என்று பேர் எடுத்த பையன். மந்தபுத்திக்காரர்கள் யாருமில்லை. இவர்களிடம் அவன் தேடியது வீட்டோடு ஒரு கசப்பை. அது யாரிடம் இல்லை சொல்?

பிடித்தபின் செய்ததிலும் மந்திரம் ஒன்றுமில்லை. நீ இருக்கும் நார்த்ரிட்ஜுக்குப் பக்கத்து சாட்ஸ்வொர்த்தில்தான் ஸ்பான் பண்ணை இருந்தது. கௌபாய்ப் படங்கள் எடுத்த பழைய செட். சொந்தக்காரர் ஜார்ஜ் ஸ்பானுக்கு கிட்டத்தட்ட 80 வயது, கண் பார்வை அநேகமாகப் போய்விட்டது. அவரைக் கவனித்துக்கொள்ளப் பெண்களை விட்டுவிட்டு 1968 ஆகஸ்டில் கூட்டத்தோடு குடியேறினான். அங்கே கடிகாரம், காலண்டர், செய்தித்தாள் எதுவும் கூடாது. பழைய பேர் கூடாது. கையில் இருந்த காசு, கார் எல்லாம் பொது, அதாவது அவனுடையது. பெற்றவர்கள் சொல்லித்தந்தது அத்தனையும் அழிக்க வேண்டிய அழுக்கு. எல்எஸ்டி பங்கிடும்போது தனக்கு மட்டும் குறைவாக எடுத்துக்கொள்வான் என்று அவர்களே சொன்னார்கள். ஒரு மனுஷனிடமிருந்து நாள், கிழமை, பேர், பணம், நியாயம் கேட்க நாலு பேர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் மிச்சம் இருக்கும் ஒரே குரல் பேசுகிறவனுடையது. ஊர்ப் பக்கம் எத்தனையோ சாமியார்கள் செய்கிற வேலைதான் இது.

பெற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்பாய். டீன் மூர்ஹவுஸ் என்ற பாதிரியார் வழியில் லிஃப்ட் கேட்டு நின்றவனை இரக்கப்பட்டு வீட்டுக்குக் கூட்டிவந்தார். சின்ன வயசுப் பெண் அவனோடு போய்விட்டாள். அவனைக் கொன்றுவிடும் கோபத்தோடு தேடிப்போனவர், கடைசியில் அவன் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டார். டயான் லேக்குக்கு 14 வயது. அவள் அப்பா அம்மாவும் ஹிப்பிகள், அவள் தன் விருப்பப்படி இருக்கலாம் என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். இந்த இரண்டு வீட்டையும் நினைத்தால் எனக்கு அவன்மேல் வருகிற ஆத்திரத்தில் பாதி இவர்கள்மேல் வருகிறது. ஒருவர் நம்ப வேண்டாதவனை நம்பினார், மற்றவர்கள் பெண்ணைப் பெற்றதையே மறந்துவிட்டார்கள். பிறகு டயானைத் தங்கள் வீட்டில் வைத்துப் பள்ளிக்கூடம் அனுப்பியது அந்த வழக்கை விசாரித்த அதிகாரிகளில் ஒருவரும் அவர் மனைவியும். அவள் நீதிமன்றத்தில் சாட்சியும் சொன்னாள்.

பீச் பாய்ஸ் பாட்டுக்குழுவின் டென்னிஸ் வில்சன் வீட்டில் மாதக்கணக்காக ஒட்டிக்கொண்டதும், பாட்டுக்காரனாக ஆசைப்பட்டதும், டெர்ரி மெல்ச்சர் என்ற தயாரிப்பாளர் கைவிரித்ததும் உனக்குத் தெரிந்திருக்கும். அதன் பிறகு பேச்சு மாறியது. கறுப்பர்கள் எழுந்து வெள்ளையர்களை ஒழிப்பார்கள், ஆனால் ஆளத் தெரியாமல் டெத் வேலிப் பாலைவனத்தில் ஒளிந்திருக்கும் தன்னிடம் ஆட்சியைக் கொடுப்பார்கள் என்றான். பீட்டில்ஸ் பாட்டுக்குழு தங்கள் வெள்ளை ஆல்பத்தில் தனக்கு அதைச் சொல்லியிருக்கிறார்கள் என்றான். இனவெறி பிடித்த ஒருவனின் உளறல். அதைத்தான் அரசு வழக்கறிஞர் வின்சென்ட் புக்லியோசி பிறகு நடந்த கொலைகளுக்குக் காரணமாக நிறுவினார். கேரி ஹின்மன் கொலையில் கைதான தன் கூட்டத்து பாபி போசலேயைக் காப்பாற்ற, கொலையாளி இன்னும் வெளியில்தான் இருக்கிறான் என்று காட்டச் செய்தது என்பவர்களும் உண்டு. போசலே கைதானது 1969 ஆகஸ்ட் 6. ரெண்டு நாளில் அடுத்தது நடந்தது. எனக்கு இரண்டுமே கலந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

ஆகஸ்ட் 8 நள்ளிரவுக்குப் பிறகு, லாஸ் ஏஞ்சலஸ் சியலோ டிரைவ் வீட்டில் அவன் அனுப்பிய ஆட்கள் ஐந்து பேரைக் கொன்றார்கள். எட்டரை மாதக் கர்ப்பிணியான நடிகை ஷரன் டேட்டைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் நினைப்பது ஸ்டீவன் பேரன்ட் என்ற பையனை. 18 வயது. அந்த வீட்டில் யாரையும் அவனுக்குத் தெரியாது. பின்பக்கக் குடிலில் இருந்த காவல்காரப் பையனிடம் ஒரு ரேடியோ கடிகாரத்தை விற்கலாமா என்று பார்க்க வந்தவன், கிளம்பும்போது காரிலேயே சுடப்பட்டான். படிப்புச் செலவுக்கு வேலை பார்த்துச் சேர்த்துக்கொண்டிருந்த பிள்ளை. அவன் முகத்தை எந்தக் கடையில் பனியனில் போட்டு விற்கிறார்கள்? அடுத்த ராத்திரி வேவர்லி டிரைவில் மளிகைக் கடைகள் நடத்திய லெனோ லாபியான்காவும் மனைவி ரோஸ்மேரியும். அங்கே மேன்சனே உள்ளே போய் அவர்களைக் கட்டிப்போட்டுவிட்டுத்தான் வெளியே வந்தான். கையில் அழுக்குப் படாதவன் என்றாயே, அதற்காகச் சொல்கிறேன்.

அந்த மேதையின் திட்டம் எப்படி முடிந்தது தெரியுமா? பழியைக் கறுப்பர்கள்மேல் போட ரோஸ்மேரியின் பர்ஸை ஒரு பெட்ரோல் பங்க் கழிவறையில் ஒளித்து வைக்கச் செய்தான். டிசம்பர் வரை அதை யாரும் பார்க்கவே இல்லை. கூட்டத்தில் ஒருத்தி, சூசன் அட்கின்ஸ், சிறையில் கூட இருந்தவர்களிடம் பெருமை அடித்ததில் எல்லாம் வெளியே வந்தது. அக்டோபரில் டெத் வேலிப் பண்ணையில் போலீஸ் தேடியபோது உலகத்தை ஆளப்போகிறவன் குளியலறை வாஷ்பேசினுக்கு அடியில் இருந்த சின்ன அலமாரிக்குள் மடங்கிக் கிடந்தான்.

அவனை மேதை என்று சொல்வதில் எனக்கு இன்னொரு கோபமும் இருக்கிறது. அப்படிச் சொன்ன உடனே கத்தி பிடித்தவர்கள் பொம்மைகள் ஆகிவிடுகிறார்கள். அவர்கள் பொம்மைகள் இல்லை. லிண்டா கசாபியனைப் பார். கூட்டத்துக்கு வந்து ஒரு மாதம் போலத்தான் ஆகியிருந்தது. செல்லுபடியாகிற டிரைவிங் லைசென்ஸ் இருந்ததால் அந்த ராத்திரிகளில் கூட்டிப்போனார்கள். யாரையும் தொடவில்லை, சில நாளில் தப்பி ஓடினாள், கைக்குழந்தையை விட்டு ஓட நேர்ந்து, பிறகு மீட்டுக்கொண்டாள். அவள் சாட்சிதான் வழக்கை நிலைநாட்டியது. அதற்கு முன்பே ப்ரூக்ஸ் போஸ்டன், பால் வாட்கின்ஸ் என்ற இரண்டு பையன்கள் பால் க்ராக்கெட் என்ற பாலைவனச் சுரங்கக்காரரோடு பேசிப் பேசியே வெளியே வந்துவிட்டார்கள். அவர் ஒன்றும் பெரிய வித்தை காட்டவில்லை. இன்னொரு குரலாக இருந்தார். லெஸ்லி வான் ஹூட்டனோ, முதல் ராத்திரி நடந்தது தெரிந்தும் இரண்டாம் ராத்திரி தானும் போக விரும்பினாள். இதை அவளே சொன்னாள்.

தண்டனை விசாரணையில் கிரென்விங்கலின் பெற்றோரும் வான் ஹூட்டனின் அம்மாவும் கூண்டில் ஏறி மகள்களின் சின்ன வயசைச் சொன்னார்கள். அதைப் படிக்க முடியாமல் புத்தகத்தை மூடி வைத்திருக்கிறேன். ஷரனின் அப்பா பால் டேட், ராணுவ உளவுப் பிரிவு அதிகாரி, தாடி வளர்த்துக்கொண்டு ஹிப்பிகளிடையே கொலையாளியைத் தேடி அலைந்தார். அம்மா டோரிஸ், இவர்களை வெளியே விடக் கூடாது என்று கையெழுத்து வாங்கியும் பரோல் விசாரணைகளில் எதிரே நின்று பேசியும் 1992இல் சாகிறவரை ஓயவில்லை. கொலையுண்டவர்களின் குடும்பத்துக்குப் பேச அங்கே சட்டத்தில் இடம் கிடைத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

1971இல் மேன்சனுக்கும் அந்தக் கொலைகளைச் செய்தவர்களுக்கும் மரண தண்டனை. 1972இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் மரண தண்டனையையே செல்லாதென்று சொன்னதால் ஆயுளானது. மேன்சன் 2017 நவம்பரில், 83 வயதில், கைதியாகவே செத்தான். வான் ஹூட்டனுக்கு மறுவிசாரணையிலும் ஆயுள்தான். சிறையில் பட்டப் படிப்பு, மேற்படிப்பு முடித்தாள். பரோல் வாரியம் பரிந்துரைத்தும் ஆளுநர்கள் பலமுறை மறுத்தார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன பிறகு 2023 ஜூலையில் 73 வயதில் வெளியே வந்தாள்.

இதில்தான் எனக்கும் உன் அப்பாவுக்கும் சண்டை. விட்டிருக்கவே கூடாது என்கிறார். அந்த லாபியான்கா பிள்ளைகளுக்கு யார் பரோல் கொடுத்தார்கள் என்று கேட்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் விட்டது சரி என்றுதான் சொல்கிறேன். 19 வயதில் செய்ததைப் பொம்மை என்று சொல்லித் தப்பிக்காமல் நான்தான் செய்தேன் என்று ஒத்துக்கொண்ட ஒருத்தியை 73 வயதில் அடைத்து வைத்திருப்பதால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று வேலையில் பார்த்து வந்த எண்ணம் எனக்கு.

நீ யார் பக்கம் என்று எழுது. வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டாதே, நாலு வரியாவது எழுது. அப்பாவிடம் படித்துக் காட்ட வேண்டும். மளிகைப் பார்சலில் உளுந்தும் பருப்புப் பொடியும் போட்டிருக்கிறேன்; அந்த பனியன் பையனுக்கும் கொடு.

அன்புடன்,
அம்மா