என்னைத் தியேட்டரில் நிறுத்தி வைத்தவர்களுக்கு

அன்புள்ள மேடத்துக்கும், ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டருக்கும், சாருக்கும், ஞாயிற்றுக்கிழமை அக்கா தங்கச்சிகளுக்கும், அத்தைக்கும்,

வணக்கம். போன வாரம் எங்கள் சர்ஜரி யூனிட்டின் பொறுப்பு என் பேருக்கு வந்தது. வாழ்த்துச் சொன்னவர்கள் எல்லோரும் "நீ தைரியசாலி, சாதிச்சிட்ட" என்றார்கள். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பதினைந்து வருடத்தில் மூன்று தடவை சர்ஜன் வேலையே வேண்டாம் என்று முடிவெடுத்தேன். மூன்று தடவையும் யாரோ ஒருவர் வந்து என்னைத் திரும்பத் தியேட்டருக்குக் கூட்டிப் போயிருக்கிறீர்கள். அதை நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. பேர் போட்டால் மேடம் கோபித்துக்கொள்வார்கள், அதனால் போடவில்லை. படிக்கும்போது யார் யார் என்று உங்களுக்கே தெரியும்.

முதலில் சிஸ்டர். எங்கள் எம்.பி.பி.எஸ். வகுப்பில் பாதிக்குப் பாதி பெண்கள். எம்.எஸ். பொது அறுவை சிகிச்சைக்கு வந்து சேர்ந்தபோது எங்கள் செட்டில் பெண் என்று நான் ஒருத்திதான். அப்போது தியேட்டரில் ஏழும் ஏழரையும்தான் கிளவுஸ் இருக்கும். என் கைக்கு அது தொளதொளவென்று இருக்கும். முடிச்சுப் போடும்போது ரப்பர் நுனி நூலோடு சேர்ந்து மாட்டிக்கொள்ளும். கை இன்னும் பழகவில்லை என்று திட்டு விழும். நானும் அதை நம்பி, ராத்திரி கட்டில் காலில் நூலைக் கட்டி வைத்துக்கொண்டு முடிச்சுப் போட்டுப் பழகினேன். அறையில் சரியாக வரும், தியேட்டரில் வராது. எனக்கு இது விதிக்கப்படவில்லை என்றே நினைத்துவிட்டேன்.

சிஸ்டர், நீங்கள்தான் ஒரு நாள் கேஸ் முடிந்ததும் என் விரல் நுனியைப் பிடித்து இழுத்துப் பார்த்தீர்கள். "கையில ஒரு குறையும் இல்ல டாக்டரம்மா, கிளவுஸ்லதான் இருக்கு. உங்களுக்கு ஆறு நம்பர் வேணும்" என்றீர்கள். ஸ்டோருக்கு அனுப்புகிற அடுத்த இண்டென்ட் பட்டியலில் ஆறு நம்பரை எழுதினீர்கள், ஸ்டோரில் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள், மறுபடி எழுதினீர்கள். மூன்றாவது தடவை வந்தது. சின்னத் துளை வழியாக நீளக் கருவி விட்டுச் செய்கிற லேப்ராஸ்கோப்பிக்கு டேபிளை எவ்வளவு இறக்கினாலும் என் முழங்கை தோள் வரைக்கும் தூக்கிக்கொண்டு நிற்கும். கருவியின் பிடி முழங்கை உயரத்தில் இருந்தால்தான் தோள் வலிக்காது. திருமங்கலத்தில் உங்களுக்குத் தெரிந்த ஆசாரியிடம் சொல்லி அரை அடி உயரத்தில் ஒரு பலகை செய்து கொண்டுவந்தீர்கள். காசு கொடுத்தபோது வாங்கவே இல்லை. இன்று எங்கள் தியேட்டரில் குட்டையாக இருக்கிற, மேற்படிப்பு படிக்கிற எல்லா பி.ஜி.யும் அதில் ஏறித்தான் நிற்கிறார்கள்.

அடுத்து சார். ஒரு பொங்கல் டூட்டி. தை முதல் நாள் அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கு மறுநாள் அலங்காநல்லூர் என்று மூன்று நாளும் கேஷுவாலிட்டி எப்படி இருக்கும் என்று மதுரையில் வேலை பார்த்த யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மாடு குத்திய காயம் மேலே பார்த்தால் ரெண்டு விரல் நுழையும் அளவுதான் இருக்கும். உள்ளே கொம்பு போன வழி ஒரு சாண் நீளத்துக்கு, மண்ணும் துணி நூலுமாகக் கிடக்கும். வாடிவாசல் பக்கத்தில் வயிற்றில் குத்து வாங்கிய ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் பார்த்துவிட்டு உடனே வயிற்றைத் திறக்க வேண்டும் என்று சொன்னேன். அவன் அப்பா என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "பெரிய டாக்டர் எப்பம்மா வருவாரு?" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. மகன் அப்படிக் கிடக்கும்போது அவருக்கு என்ன தெரியும்? அந்த நேரம் நீங்கள் உள்ளே வந்தீர்கள். "இவங்கதான் பெரிய டாக்டர். கையெழுத்தை இவங்ககிட்டயே போடுங்க" என்றீர்கள். தியேட்டரில் நான் வழக்கம்போல ஒதுங்கி உங்களுக்கு இடம் விட்டேன். நீங்கள் டேபிளைச் சுற்றிக்கொண்டு நோயாளியின் இடது பக்கம், அசிஸ்ட் பண்ணுகிறவர் நிற்கிற இடத்தில், போய் நின்றுகொண்டீர்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. பையன் பிழைத்தான். பாராட்டு நிறையப் பேர் தருவார்கள், சார். கேஸ் தருகிறவர்கள் குறைவு. கத்தி கைக்கு வராமல் யாரும் சர்ஜன் ஆக முடியாது.

மேடம், உங்களுக்கு எழுத வேண்டியதைத்தான் தள்ளிப் போட்டுக்கொண்டே வருகிறேன்.

நான் தனியாகக் கேஸ் செய்ய ஆரம்பித்த ரெண்டாம் வருடம். பெருங்குடலில் கட்டி, அறுபத்தைந்து வயது, சர்க்கரை உண்டு. கட்டியை எடுத்து இரண்டு முனையையும் இணைத்தேன். ஐந்தாம் நாள் காய்ச்சல், நாடி 120, வயிறு கல் மாதிரி. தையல் போட்ட இடம் கசிந்திருந்தது. திறந்து கழுவி, மலம் வெளியேற வயிற்றில் வழி செய்து குடலை வெளியே கொண்டுவந்து வைத்தோம். ஒன்பதாம் நாள் விடிகாலையில் போய்விட்டார். அவர் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க முடிஞ்ச மட்டும் பாத்தீங்கம்மா" என்றாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகு பதினொரு நாள் நான் தியேட்டர் பக்கம் போகவில்லை. கண்ணை மூடினால் அந்தத் தையல்தான். யாரிடமும் பேசவில்லை. இப்படி ஒன்று நடந்தால் வாயைத் திறக்காமல் அடுத்த கேஸுக்குப் போய்விட வேண்டும் என்றுதான் எங்களைப் பழக்கியிருந்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் நீங்கள் ஆட்டோவில் வந்து இறங்கினீர்கள். "சாப்பிட்டியா?" என்றீர்கள். அப்புறம் பையிலிருந்து ஒரு நீல அட்டை போட்ட நீள நோட்டை எடுத்து என் மடியில் வைத்தீர்கள். முதல் பக்கத்தில் 1989 என்று இருந்தது. பேர் இல்லை, தேதியும் படுக்கை எண்ணும் மட்டும். கீழே நான்கு வரி: என்ன செய்தேன், என்ன ஆயிற்று, இன்றைக்கு என்றால் என்ன செய்வேன். நீங்கள் பறிகொடுத்த ஒவ்வொருவரும் அதில் இருந்தார்கள். நாற்பத்தோரு பக்கம். சில பக்கத்தில் கடைசி வரி "இன்னும் தெரியவில்லை" என்று மட்டும் இருந்தது. நாங்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்த ஆள் நீங்கள். உங்கள் கையெழுத்தில் அதைப் படித்தபோதுதான் எனக்கு முதன்முதலாக அழுகை வந்தது.

அழுது முடிக்கும் வரைக்கும் பேசாமல் இருந்தீர்கள். பிறகு என் கேஸை ஒவ்வொன்றாகக் கேட்டீர்கள். முனையில் ரத்த ஓட்டம் எப்படி இருந்தது, இழுவை இருந்ததா, ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் எவ்வளவு, அன்றே தற்காலிகமாகக் குடலை வெளியே வைத்திருக்கலாமா? தேர்ந்த கையிலும் கசிவு நடக்கும், அதற்காகக் கேட்காமல் விடக் கூடாது என்றீர்கள். போகும்போது, "நாளைக்கு எட்டு மணிக்கு ஒரு ஹெர்னியா, குடலிறக்க கேஸ், இருக்கு. நீ பண்ற, நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றீர்கள். நோட்டை என்னிடமே விட்டுவிட்டுப் போனீர்கள்.

மூன்றாவது தடவை சர்ஜரி வேண்டாம் என்று நினைத்தது, எனக்குக் குழந்தை பிறந்த சமயத்தில். மாசமாக இருந்தபோது ஒரு மருத்துவமனையில் நேர்காணலுக்குப் போனேன். என் அனுபவத்தைக் கேட்கவில்லை, பிரசவத் தேதியைத்தான் கேட்டார்கள். வேலை பார்த்த இன்னொரு இடத்தில் சர்ஜன்கள் அறை என்றால் அது ஆண்கள் உடை மாற்றும் அறை. நாளைய கேஸை யார் செய்வது என்பதும் அங்கேதான் முடிவாகும். நான் நர்ஸுகள் அறையில் மாற்றிக்கொள்வேன். அங்கே குழந்தைக்குத் தாய்ப்பால் எடுக்க எனக்கு ஒரு மூலையில் திரை கட்டி, நாற்காலி போட்டுக் கொடுத்த நர்ஸம்மாக்களுக்கு இந்த இடத்தில் நன்றி.

பெண் டாக்டர்கள் நாங்கள் கூடுகிற ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அப்போதுதான் தொடங்கியது. மதுரை அண்ணா நகரில் மேடம் வீட்டு மாடி, மாசம் ஒரு ஞாயிறு, காலை இட்லி. முதல் நாள் மூன்று பேர். இப்போது மேலூர், உசிலம்பட்டி, தேனி, திண்டுக்கல்லில் இருந்தெல்லாம் வருகிறார்கள். எலும்பு, கண், சிறுநீரகம், பிரசவம் என்று எல்லாத் துறையும் உண்டு. அமெரிக்காவிலும் இது ஒரு காலைச் சாப்பாட்டில்தான் தொடங்கியதாம். 1981-ல் அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் கல்லூரியின் மாநாட்டுக்கு வந்த பெண்களை பேட்ரிசியா நியூமன் என்ற சர்ஜன் காலைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். அதுதான் பெண் சர்ஜன்களின் சங்கமாக வளர்ந்தது.

அக்கா, நான் மாசமாக இருந்த அத்தனை மாதமும் தியேட்டருக்குள்ளேயே சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே மெஷினை ஓட்ட வேண்டிய கேஸை எல்லாம் நீங்கள் எடுத்துக்கொண்டு, உங்கள் ஹெர்னியாக்களை எனக்குத் தள்ளிவிட்டீர்கள். கணக்கே பார்க்கவில்லை. ஏழாம் மாதம் நாலு மணி நேரக் கேஸில் எனக்குக் கால் மரத்தபோது மயக்க மருந்து தங்கச்சிதான் முதலில் கவனித்து ஸ்டூலை நகர்த்தினாள். யாராவது சோர்ந்து போனால் மேடம் முத்துலட்சுமி ரெட்டியைத்தான் எடுப்பார்கள். 1912-ல் சென்னையில் மருத்துவப் பட்டம் வாங்கி ஹவுஸ் சர்ஜனாகப் போனவர். 1968-ல் நரம்பு அறுவை சிகிச்சையில் எம்.சிஎச். என்ற உயர் படிப்பை முடித்த டி.எஸ். கனகாவைச் சொல்வார்கள். நம்ம ஊரில் 1976-ல் பதினொரு படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கியபோது அண்ணன் வெங்கடசாமியோடு நின்ற நாச்சியார், 2024-ல் பத்மஸ்ரீ வாங்கியவர். "அவங்களுக்கு முன்னாடி ஆள் இல்ல, உங்களுக்கு நான் இருக்கேன்ல?" என்று முடிப்பார்கள்.

அத்தைக்கு நீளமாக எழுதினால் பிடிக்காது. ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் அடித்தால் நான் எழுவதற்கு முன்னால் எழுந்து காபி போட்டவர்கள், பேத்தியைத் தூக்கிக்கொண்டு "நீ போ, நான் பாத்துக்கிறேன்" என்றவர்கள். ஒரு நாள்கூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

மேடம், நோட்டைத் திருப்பித் தரவில்லை என்று நினைத்திருப்பீர்கள். உங்கள் பக்கங்களுக்குப் பின்னால் நான் பதினாறு பக்கம் எழுதியிருக்கிறேன். போன செவ்வாய்க்கிழமை என் பி.ஜி. ஒருத்தி ஐ.சி.யூ. படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். சாப்பிட்டியா என்று கேட்டேன். நோட்டு இப்போது அவளிடம் இருக்கிறது. அவளை அடுத்த ஞாயிறு கூட்டி வருகிறேன், இட்லி கொஞ்சம் கூடுதலாக வைக்கச் சொல்லுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் பிள்ளை
மதுரை