பெரியவனுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள பெரியவனுக்கு,

இங்கு நானும் அம்மாவும் நலம். நீயும் மருமகளும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று போனிலேயே கேட்டிருப்பேன். 11 நாளாக நீ எடுக்கவில்லை. ஷிப்டு மாறியிருக்கும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். எந்த ஷிப்டானாலும் மனுஷன் சாப்பிட உட்காருவானே என்கிறாள். அதனால்தான் கடுதாசி. போஸ்டாபீசில் கவர் கேட்டபோது அந்தப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

குறுவை அறுத்தாயிற்று. மிஷின் இறங்குவதற்கு முந்தின நாள் அடித்த மழையில் மேலண்டை வயல் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. நெல் சர்க்கார் கொள்முதல் நிலையத்தில், அந்த டிபிசி வாசலில் 6 நாளாகக் கிடக்கிறது. ஈரப்பதம் 17க்குள் வரவேண்டும் என்கிறார்கள், நமக்கு 19 காட்டுகிறது. பகலில் கிளறிவிட்டுக் காயப்போடுவது, வானம் கறுத்தால் தார்ப்பாயை இழுத்து மூடுவது, ராத்திரி அங்கேயே படுப்பது, இதுதான் பிழைப்பு. கொசு பிடுங்குகிறது. அதை விடு.

கஜாவுக்குத் தப்பிய அந்த ஒரு தென்னையில் காய்ந்த மட்டை நாலைந்து தொங்குகிறது. பாப்பா வந்தால் அதன் அடியில்தான் விளையாடும். கழித்துவிடலாம் என்று பரணில் கைவிட்டுப் பார்த்தேன். சாக்கில் சுற்றி வைத்திருந்த அரிவாளைக் காணோம். சாக்கு மட்டும் மடித்து வைத்தபடி இருந்தது. உன் அம்மா மடிப்பு இல்லை அது, அவள் சுருட்டித்தான் வைப்பாள். நீ ஆவணியில் வந்தபோது எதற்காவது எடுத்தாயா? எடுத்திருந்தால் ஒன்றும் தப்பில்லை. எங்கே வைத்தாய் என்று மட்டும் சொல்.

மருமகள் போன் செய்தாள். அவள் மேல் கோபப்படாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். நீ ராத்திரி தூங்குவதில்லையாம். மகாராஜா படத்தை நாலு தடவை பார்த்தாயாம், ஐந்தாவது தடவை ஓடும்போது பாப்பா எழுந்து வந்து பயந்து அழுததாம். குழந்தை இருக்கிற வீட்டில் அதையா போடுவது?

அப்படி என்னதான் இருக்கிறது என்று நானும் பார்த்தேன். எதிர்வீட்டுப் பையன் போனில் போட்டுக் கொடுத்தான், நெல் காவலுக்குப் படுத்தபடியே மூன்று ராத்திரியில் பார்த்து முடித்தேன். முடிவெட்டுகிறவர் ஸ்டேஷனுக்குப் போய், லட்சுமியைக் காணோம், கண்டுபிடித்துக் கொடுங்கள் என்கிறார். லட்சுமி ஒரு குப்பைத்தொட்டி. அடிக்கிறார்கள், சிரிக்கிறார்கள், விரட்டுகிறார்கள், மறுபடி போய் நிற்கிறார். விஜய் சேதுபதி நன்றாகச் செய்திருக்கிறார். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தவனுக்குத்தான் அது தெரியும். லாரி வந்து வீட்டில் மோதுகிற இடத்தில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். மீதியை மறுநாள்தான் பார்த்தேன்.

நீ யாராக உன்னை நினைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பார்க்கிறாய் என்று எனக்குத் தெரியும். உன் வயதில் நானும் பார்த்தவன்தான். 1985ல் ரஜினி பகலில் புரொபசர், ராத்திரியில் துப்பாக்கியோடு கிளம்புவார், நான் சிகப்பு மனிதன். தரை டிக்கெட்டில் உட்கார்ந்து அவர் சுடச்சுட நாங்கள் விசில் அடித்தோம். வெளியே வந்தபோது மிராசுதார் வீட்டுக் கார் எதிரே வந்தது. அதுவரை கத்திக்கொண்டு வந்த அத்தனை பேரும் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓரமாக நின்றோம். அது கிடக்கட்டும்.

மகாராஜாவில் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது அந்த இன்னொருத்தன். போலீசுக்குத் தன்னைக் காட்டிக்கொடுத்தது இவர்தான் என்று மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் வன்மம் வளர்க்கிறான் பார், அவன். இவரோ நகையைத் திருப்பிக் கொடுக்க வந்தவர். போலீஸ் வந்த நேரத்தில் வாசலில் நின்றார், அவ்வளவுதான் அவர் செய்தது. அவன் பழி தீர்த்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் சீரழிந்து கிடப்பது அவன் பெற்ற பெண். நாலு தடவை பார்த்தவனுக்கு நான் கதை சொல்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை நீ ஊருக்கு வந்ததாகச் சொல்கிறார்கள். வெட்டாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம், பஞ்சர் கடைக்கு எதிரே புளியமரத்தடியில் அரைமணி நேரம் நின்றாயாம். டீ கூடக் குடிக்கவில்லையாம். வேறு யாராவதாக இருக்கும், அவன் வந்தால் வீட்டுக்கு வராமல் போவானா என்று நான் சண்டைக்கே போய்விட்டேன். அம்மா காதுக்கு இது போகவில்லை. பஞ்சர் கடைக்காரர் இப்போதெல்லாம் 6 மணிக்கே கதவைச் சாத்திவிடுகிறார். ராத்திரி லாரிக்காரர்களை நம்பி ஓடுகிற கடை அது. வீடு அங்கிருந்து பத்து நிமிஷம் பெரியவனே. அம்மா அன்றைக்கு வத்தக்குழம்பு வைத்திருந்தாள்.

வேளைக்குச் சாப்பிடு. தூங்கு. 10 மணிக்கு மேல் போனைக் கையில் எடுக்காதே.

நம் தெருவில் டிப்ளமா முடித்த முதல் பிள்ளை நீ. இன்றைக்கு அந்தக் கம்பெனியில் உனக்குக் கீழே எட்டுப் பேர் மிஷினில் நிற்கிறார்கள் என்று டீக்கடையில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். எட்டுப் பேரை மேய்க்கிறவனுக்கு அப்பன் போனை எடுக்க ஒரு நிமிஷம் இல்லையா?

சித்திரையில் தீர்ப்பு வந்த அன்று கோர்ட்டு வாசலில் நீ கேட்டது என் காதிலேயே இருக்கிறது. வெண்மணிக்கு 12 வருஷம் கழித்துக் கேட்டார்களா இல்லையா என்றாய். வக்கீல் குமாஸ்தா உன் வாயைப் பொத்தினார்.

கேட்டார்கள். 1968 டிசம்பர் 25 ராத்திரி அந்தக் குடிசைக்குள் 44 பேர் எரிந்தபோது எனக்கு 5 வயது. உன் அப்பாயி ஊர் கீழ்வேளூர் பக்கம் என்பதால் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு ஓயவே இல்லை. கீழ்க்கோர்ட்டு மிராசுதார்களுக்கு 10 வருஷம் போட்டது. கார் வைத்திருக்கிற பெரிய மனுஷர்கள் நடந்து போய்த் தாங்களே தீ வைத்திருப்பார்களா என்று சந்தேகப்பட்டு ஹைகோர்ட்டு 1973ல் விடுதலை செய்துவிட்டது. 1980ல் அந்த வழக்கில் விடுதலையான பெரிய மிராசுதாரை வெட்டினார்கள். அப்போது எனக்கு 17. சந்தோஷமாகத்தான் இருந்தது, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. இன்றைக்கு யாராவது கேட்டாலும் அது தப்பு என்று சட்டென்று என் வாயில் வராது.

ஆனால் அவர்களுக்கு யார் செய்தது என்று தெரியும். சாட்சி யாரும் விலைபோய் அந்த விடுதலை கிடைக்கவில்லை. நம் வீட்டு வழக்கு அப்படியில்லை. அது எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கடுதாசியே. இதுவரை மூன்று தாள் கிழித்துவிட்டேன். மூன்றிலும் நெல்லைப் பற்றியே எழுதி நிறுத்தியிருந்தேன்.

2021 ஐப்பசி. நீ சென்னையிலிருந்து வந்து சேர சாயங்காலம் ஆகிவிட்டது. சின்னவனை அறுத்துக் கொடுக்க 11 மணியாகும் என்றார்கள். பிணக்கிடங்குக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நான் உட்கார்ந்திருந்தேன், விடாத தூறல். லாரிக்காரர் பக்கத்து ஆள் ஒருவர் வந்து டீ வாங்கிக் கொடுத்தார். போன உயிர் வராதுங்க ஐயா என்றார். 3 லட்சம் என்றார். அக்கா கல்யாணத்துக்குத் தேதி குறித்திருந்தது, அவள் நகை முழுக்கச் சங்கத்தில் அடகில் இருந்தது, கஜா கடன் வட்டி ஏறிக்கொண்டே போனது. இதெல்லாம் காரணமில்லை. இதைவிடக் கஷ்டத்தில் எத்தனையோ பேர் காசைத் தள்ளிவிட்டு வந்திருக்கிறார்கள்.

ஸ்டேஷனில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்கள். வண்டியில் விளக்கு எரியவில்லை, மழையில் வேகமாக வந்து தானே சறுக்கிப் பின்சக்கரத்தில் விழுந்தான் என்று. படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று நீ நினைக்கலாம். படித்தேன். அவன் பேருக்கு முன்னால் இனிஷியல் தப்பாக இருந்தது. என் பேரின் முதல் எழுத்து. அதைச் சுட்டிக்காட்டித் திருத்தச் சொன்னேன். அடித்துவிட்டுச் சரியாக எழுதினார்கள், பக்கத்தில் சின்னதாக ஒரு கையெழுத்தும் வாங்கினார்கள். அந்த விளக்கு பல்பை முந்தின வாரம்தான் நான் வாங்கி மாட்டியிருந்தேன். லைட்டே போடாமல் வந்தது லாரி.

பஞ்சர் கடைக்காரர் சாட்சி மாறிவிட்டார், காசு வாங்கிவிட்டார் என்று நீ சொல்லும்போதெல்லாம் நான் தலையை ஆட்டினேன். அவர் ஒரு பைசா வாங்கவில்லை. கண்ணால் பார்த்ததைக் கூண்டில் ஏறிச் சொல்கிறேன் என்றுதான் நின்றார். கோர்ட்டுக்கு முந்தின ராத்திரி அவர் கடைக்குப் போய்க் கையைப் பிடித்து, வேண்டாம் விட்டுவிடுங்கள், நான் எழுதிக் கொடுத்தது பொய்யாகிவிடும் என்றது நான். அவர் கையெல்லாம் கிரீஸ். அதோடேயே என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க பெத்தவரு, நீங்களே சொன்னா நான் என்ன செய்யட்டும் என்றார். மறுநாள் கூண்டில், இருட்டில் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு இறங்கியவர் உன் முகத்தைப் பார்க்கவில்லை என்பாயே. என் முகத்தையும்தான் பார்க்கவில்லை.

லாரிக்காரர் யோக்கியர் என்று நான் எழுதவில்லை. ஆனால் அவரைத் தப்பவிட்டது பஞ்சர் கடை இல்லை, கோர்ட்டும் இல்லை. நீ மரத்தடியில் நின்று பார்த்தது ஆள் மாறி.

பயிர் இன்சூரன்ஸ் பணம் வந்தது என்று சொல்லித்தான் நகையை மீட்டேன். அக்கா கழுத்தில் கிடக்கிற 7 பவுன் அதுதான். அவளுக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. பிரதோஷத்துக்குத் திருவாரூர் போகும்போது கல்தேர் பக்கம் வந்தால் அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு வேகமாக நடப்பாள். சக்கரத்துக்கு அடியில் அந்தப் பிள்ளை படுத்திருப்பதைப் பார்க்க முடியவில்லை என்பாள். மகனைத் தேர்க்காலில் போட்ட ராஜாவுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். நான் அவளுக்குப் பின்னால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போவேன்.

குமாஸ்தாவிடம் பேச்சுவாக்கில் கேட்டுப் பார்த்தேன். சின்னவன் வழக்கு 304ஏ, கூடிப்போனால் 2 வருஷம்தானாம். ஒருத்தன் கோபத்தில் இன்னொருத்தனை வெட்டினால் பழைய 302, இப்போது 103 என்று நம்பர் மாறியிருக்கிறதாம், ஆயுள் அல்லது தூக்கு. யாருக்கு என்று கேட்டார். சினிமா பார்த்தேன், அதற்குக் கேட்டேன் என்றேன்.

திங்கட்கிழமை வக்கீலைப் பார்க்கப் போகிறேன். விடுதலைக்கு மேல் அப்பீல் போக நமக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பன்றே அவர் சொன்னார். நான்தான் செலவு, அலைச்சல் என்று தட்டிக்கழித்தேன். எழுதிக் கொடுத்தது பொய் என்று நானே போய்ச் சொன்னால் என் மேலும் வழக்கு வரலாம். வரட்டும். அப்பீல் நிற்குமா நிற்காதா என்பது அவர் வேலை. பஞ்சர் கடைக்காரரிடம் நேற்றே போய்ச் சொல்லிவிட்டேன், பையனுக்கு எல்லாம் எழுதிவிட்டேன், 9 மணி வரை கடையைத் திறந்து வையுங்கள் என்று. எழுதுவதற்கு முன்னாலேயே சொன்னது. அப்போதுதான் எழுதுவேன் என்று.

உனக்கு என் மேல் என்ன வரும் என்று தெரியும். அதற்கும் நான் இங்கேதான் இருக்கிறேன், எங்கும் ஓடப்போவதில்லை. கத்த வேண்டுமானால் வீட்டில் வேண்டாம், டிபிசி வாசலுக்கு வா, ராத்திரியில் அங்கே நாயைத் தவிர யாரும் இல்லை. அம்மாவிடம் நான்தான் சொல்வேன். நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் சொல்ல முடியும் என்று தோன்றுகிறது.

வேளைக்குச் சாப்பிடு. தூங்கு. மருமகளிடம் எரிந்து விழாதே.

மட்டை கழிக்க அடுத்த வாரம் புதன்கிழமை ஆள் வரச் சொல்லியிருக்கிறேன். அவனிடம் நல்ல அரிவாள் இல்லை. அதற்குள் நம்முடையதைக் கொண்டு வந்துவிடு. பஸ்ஸில் வருவதாக இருந்தால் துணியில் நன்றாகச் சுற்றிப் பையின் அடியில் வை, மேலே பாப்பா துணியை வை.

இப்படிக்கு,
அப்பா