பில்லைக் கட்டுவதற்கு முன்னால் பில்லைப் படியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெரிய நோயிலிருந்து பிழைத்து வந்த பெற்றோரின் மருத்துவக் கடனைப் பிள்ளைகள் எப்படிச் சமாளிப்பது என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் அது முழுக்கப் பணத்தை எங்கே புரட்டுவது என்பதைப் பற்றியே பேசுகிறது. எந்தக் கடனுக்கு வட்டி குறைவு, எதை அடமானம் வைக்கலாம், எதை விற்கலாம். பணம் புரட்டுவது இரண்டாவது வேலை. கேட்கிற தொகை நிஜமாகவே நாம் கட்ட வேண்டிய தொகைதானா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு எல்லாக் கணக்கு வழக்குகளையும் நான்தான் பார்த்தேன், அதனால் இதைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன்.

டிஸ்சார்ஜ் நேரத்தில் நம் கையில் கொடுப்பது பெரும்பாலும் சுருக்கமான பில். அறை வாடகை, மருந்து, பரிசோதனை, டாக்டர் கட்டணம் என்று நாலைந்து வரி, அடியில் தலை சுற்ற வைக்கும் ஒரு தொகை. அதை வைத்துக்கொண்டு எதையும் சரிபார்க்க முடியாது. நாள்வாரியாக, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காட்டும் விவரமான பில்லைக் கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு வந்ததில், அம்மாவை ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றிய நாளுக்கு இரண்டு இடத்து வாடகையையும் முழுசாகப் போட்டிருந்தார்கள். வார்டுக்கு மாறும்போது மீந்துபோன ஊசி மருந்துகளை நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மருந்தகத்துக்குத் திருப்பி அனுப்பியதை நானே பார்த்தேன், ரிட்டர்ன் சீட்டும் என்னிடம் இருந்தது, ஆனால் அந்தப் பணம் பில்லில் கழிக்கப்படவே இல்லை. சீட்டைக் காட்டியதும் பில்லிங் பிரிவில் இருந்தவர் மறுபேச்சு இல்லாமல் கழித்துக் கொடுத்தார். வேண்டுமென்றே ஏமாற்றினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே நோயாளிக்கு வார்டு, மருந்தகம், லேப், ஸ்கேன் என்று பல இடங்களிலிருந்து கணக்கு ஏறுகிறது, தவறு வரத்தான் செய்யும். அதை உட்கார்ந்து பார்க்க நம் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்.

காப்பீடு இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். முதலில் ஒரு தொகைக்கு ஒப்புதல் வரும், அதுவே கடைசித் தொகை என்று நினைத்துவிடக் கூடாது, டிஸ்சார்ஜ் சமயத்தில் மறுபடி கணக்குப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். சில பாலிசிகளில் அனுமதிக்கப்பட்டதைவிட உயர்ந்த அறையில் இருந்தால் வாடகை வித்தியாசத்தோடு நிற்காது, மற்ற கட்டணங்களையும் அதே விகிதத்தில் குறைத்துவிடுவார்கள். இது தெரியாமல்தான் பல குடும்பங்கள் கடைசி நாளில் திகைத்து நிற்கின்றன. கிளெய்மை மறுத்தால், எந்த விதிப்படி மறுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். மறுப்புக் கடிதம் வந்தால் கதை முடிந்தது என்று பலர் அதை மடித்து வைத்துவிடுகிறார்கள். நிறுவனத்துக்குள்ளேயே மேல்முறையீடு உண்டு, அதற்கு மேலே பல நாடுகளில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரும் உண்டு. பல நேரங்களில் மறுப்புக்குக் காரணமே ஒரு டாக்டரின் குறிப்பு சேர்க்கப்படாததுதான். கெடு தேதி மட்டும் தாண்டிவிடக் கூடாது.

அப்புறம் கையெழுத்து. நள்ளிரவில் அம்மாவையோ அப்பாவையோ ஸ்ட்ரெச்சரில் வைத்துக்கொண்டு நிற்கும்போது நீட்டுகிற ஃபாரங்களில் எல்லாம் மடமடவென்று போடுகிறோம். அதில் சிகிச்சைக்கு ஒப்புதல் என்பது ஒன்று, கட்டணத்துக்கு நானே பொறுப்பு என்பது வேறொன்று. பல நாடுகளில் பெற்றோரின் கடன் தானாகப் பிள்ளைகள் தலையில் விழாது, அவர்கள் காலத்துக்குப் பிறகும் அவர்கள் விட்டுச்சென்ற சொத்திலிருந்துதான் வசூலிக்க முடியும். பிள்ளைகள் பொறுப்பாவது பெரும்பாலும் இந்தக் கையெழுத்தால்தான். சட்டம் இடத்துக்கு இடம் மாறும், ஒரு வக்கீலிடமோ இலவச சட்ட உதவி மையத்திலோ கேட்டுவிடுங்கள். கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, பெற்ற தாய்க்குக் கொடுக்காமல் யாருக்குக் கொடுக்கப் போகிறோம். தெரிந்து கொடுப்போம், பயந்து கொடுக்க வேண்டாம் என்கிறேன்.

மருத்துவமனை பாக்கியைக் கிரெடிட் கார்டில் தேய்த்துத் தீர்ப்பதை மட்டும் தயவுசெய்து கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையோடு இருக்கும் வரை அது பேசக்கூடிய பாக்கி. குறைக்கச் சொல்லலாம், தவணை கேட்கலாம், சில இடங்களில் வட்டி இல்லாமலும் ஒப்புக்கொள்வார்கள். கார்டுக்கு மாறிய நிமிடமே அது சாதாரணக் கடன், மாதா மாதம் வட்டி ஏறும், பில்லில் தவறு கண்டுபிடித்தாலும் பணம் ஏற்கனவே போய்ச் சேர்ந்துவிட்டது. பல பெரிய மருத்துவமனைகளில் சமூகப் பணியாளர் ஒருவர் இருப்பார், ஏழை நோயாளிகளுக்கான நிதியும் இருக்கும். நாமாகப் போய்க் கேட்காவிட்டால் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. எதற்குச் சம்மதித்தாலும் எழுத்தில் வாங்குங்கள், போனில் பேசியது அடுத்த மாதம் வேறு ஆள் எடுக்கும்போது செல்லாது.

கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாத விஷயம் ஒன்று உண்டு. கடன் யாருடைய நோயால் வந்ததோ அவர் பக்கத்து அறையில் படுத்திருக்கிறார், எல்லாம் அவர் காதில் விழுகிறது. என் அம்மா கடன் பேச்சைக் கேட்டுவிட்டு ரத்த அழுத்த மாத்திரையை நகத்தால் கீறி இரண்டாக உடைத்துப் பாதி பாதியாகப் போட்டுக்கொண்டிருந்தார். தலையணை உறைக்குள் காகிதத்தில் மடித்து வைத்திருந்த பாதி மாத்திரைகளைத் தம்பிதான் பார்த்தான். ஒருமுறை பக்கவாதம் வந்தவருக்கு ரத்த அழுத்தம் ஏறினால் மறுபடி வரும் ஆபத்து எவ்வளவு பெரியது என்று டாக்டர் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. அன்றைக்கே அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முழுக் கணக்கையும் காட்டினேன். எவ்வளவு பாக்கி, எவ்வளவு கழிந்தது, மாதம் எவ்வளவு கட்டுகிறோம், மாத்திரைக்கு எவ்வளவு. மறைத்தால் அவர்கள் இதைவிடப் பெரிய தொகையைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். மருந்துச் செலவு தாங்கவில்லை என்றால் டாக்டரிடமே சொல்லலாம், அதே மூலப்பொருள் உள்ள ஜெனரிக் மாத்திரையை எழுதித் தருவார். அளவை நாமாகக் குறைக்கவே கூடாது.

இன்னொன்றும் சொன்னேன். உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் 2023-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, கைக்காசு போட்டு வைத்தியம் பார்த்ததால் 2019-ல் சுமார் 200 கோடிப் பேர் பண நெருக்கடிக்கு ஆளாகியிருக்கிறார்கள். அதில் சுமார் 100 கோடிப் பேர் குடும்பச் செலவில் 10 சதவீதத்துக்கு மேல் மருத்துவத்துக்கே கொடுத்தவர்கள். இத்தனை பேருக்கு நடப்பது உன் தப்பாக எப்படியம்மா இருக்கும் என்று கேட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை, ஆனால் அதற்கப்புறம் மாத்திரையை உடைக்கவில்லை.

நடைமுறையில் உதவியது ஓர் அதிகாரக் கடிதம். பெற்றோரின் அனுமதி எழுத்தில் இல்லாமல் மருத்துவமனையோ வங்கியோ காப்பீட்டு நிறுவனமோ பல நேரங்களில் நம்மிடம் பேசாது. பக்கவாதத்தில் வலது கை தளர்ந்த பிறகு அம்மாவின் கையெழுத்து மாறிவிட்டது, வங்கியில் பழையதோடு ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மாதிரிக் கையெழுத்தைச் சீக்கிரமே மாற்றிக்கொள்வது நல்லது. கடன்காரர்களின் போனும் நோயாளிக்குப் போகாமல் நமக்கு வரும்படி செய்துகொள்ளலாம்.

உடன்பிறந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பணம் அனுப்புகிறவரின் பங்கு கணக்கில் தெரியும். வேலையை விட்டுவிட்டு கூடவே இருந்து குளிப்பாட்டி, பிசியோதெரபிக்குக் கூட்டிப்போகிறவரின் பங்கு எந்தப் பில்லிலும் வராது. என் தம்பி அப்படித்தான் இருக்கிறான், அவன் இழந்த சம்பளத்தையும் நாங்கள் நோட்டில் எழுதி வைக்கிறோம். எழுதாத வீடுகளில் கடன் தீர்ந்த பிறகும் மனஸ்தாபம் தீருவதில்லை.

உங்கள் இதழை நிறைய குடும்பங்கள் படிக்கின்றன. மருத்துவமனை பில்லிங் பிரிவில் வேலை பார்த்த ஒருவரையும் காப்பீட்டு வழக்குகள் நடத்தும் வக்கீல் ஒருவரையும் வைத்து, வாசகர்கள் அனுப்பும் பில்களையும் மறுப்புக் கடிதங்களையும் பெயர், விவரம் மறைத்து வரிவரியாக விளக்கும் ஒரு பகுதியைத் தொடங்குங்கள். அம்மாவிடம் கேட்டுவிட்டேன், முதல் பில்லாக எங்களுடையதை அனுப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி