சீப்புக்கால் சிலந்தி ஓர் இனம் அன்று, ஒரு குடும்பம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுச் சிலந்திகளைப் பற்றித் தங்கள் இதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையில், சீப்புக்கால் சிலந்தி என்பது கடும் நஞ்சுள்ள ஒரு வகைச் சிலந்தி என்ற பொருளில் ஒரு வரி இடம்பெற்றிருந்தது. அதைப் படித்த என் பக்கத்து வீட்டார், மாடிப்படிக்கு அடியிலிருந்த வலைகள் எல்லாவற்றின் மீதும் பூச்சிமருந்து அடித்துவிட்டார்கள். விலங்கியல் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் அந்த வரியைத் திருத்த விரும்புகிறேன்.

சீப்புக்கால் சிலந்தி என்பது ஓர் இனம் அன்று, ஒரு குடும்பம். தெரிடிடே என்ற பெயரில் 1833ஆம் ஆண்டு சுண்டேவால் என்ற விலங்கியலாளர் வகுத்த இக்குடும்பத்தில் 120க்கும் மேற்பட்ட பேரினங்களும் (நெருங்கிய இனங்களின் தொகுதிகள்) ஏறத்தாழ 2,500 இனங்களும் அறியப்பட்டுள்ளன. நான்காம் இணைக் கால்களின் நுனிக் கணுவில் ரம்பப் பல் போன்ற வளைந்த மயிர்கள் வரிசையாக இருப்பதால்தான் இவற்றுக்குச் சீப்புக்கால் என்ற பெயர் வந்தது. இந்தச் சீப்பால் பசையுள்ள இழையை இழுத்து இரையின் மீது வீசிச் சுற்றிவிட்டு, அதன் பிறகே அருகில் சென்று கடிக்கின்றன.

நாம் ஒட்டடை என்று துடைத்தெறியும் ஒழுங்கற்ற வலைகளில் பல இவற்றின் வேலைதான். இக்குடும்பத்தில் பலவும் வலையிலிருந்து தரைக்கு விறைப்பாக இழைகளை இறக்கி, அவற்றின் அடிப்பகுதியில் மட்டும் பசைத்துளிகளை வைக்கின்றன. ஊர்ந்து செல்லும் எறும்பு அதில் பட்டதும் இழை தரையை விட்டு அறுபட்டு, எறும்பு மேலே தூக்கப்பட்டுத் தொங்குகிறது. குடியாத்தத்தில் என் வீட்டுத் திண்ணை ஓரத்தில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நூலின் இழுவிசையை நன்கறிந்த எங்கள் ஊர் நெசவாளர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவையே இருக்காது.

நஞ்சைப் பற்றிய அச்சம் முழுவதும் பொய் என்று நான் சொல்லவில்லை. கருங்கைம்பெண் சிலந்தி எனப்படும் லாட்ரோடெக்டஸ் பேரினம் இக்குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதன் நஞ்சு நரம்பு முனைகளைத் தாக்குவது. அப்பேரினத்தின் பழுப்பு நிற இனமான லாட்ரோடெக்டஸ் ஜியோமெட்ரிகஸ் இந்தியாவிலும் பதிவாகியுள்ளது. முட்டைப் பையின் மேல் முள்முள்ளாக இருப்பதைக் கொண்டு அதை அடையாளம் காணலாம். ஆனால் அந்த இனத்தை 1841ஆம் ஆண்டில் விவரித்த கோக் என்ற ஆய்வாளரே அதே ஆண்டில் விவரித்த மற்றொன்று, உலகெங்கும் வீடுகளில் காணப்படும் சாதாரணச் சிலந்தியான பாரஸ்டியடோடா டெபிடாரியோரம். இரண்டும் ஒரே குடும்பம் என்பதற்காக இரண்டையும் ஒரே அச்சத்தோடு பார்ப்பது முறையன்று.

வகைப்பாடு என்றால் பெயர்ப் பட்டியல் என்று பலரும் நினைக்கிறார்கள். 1962இல் இக்குடும்பத்தின் பேரினங்கள் மறு ஆய்வு செய்யப்பட்டபோது, ஆர்ஜிரோடெஸ், அரியாம்னெஸ், ரோம்ஃபியா ஆகிய மூன்றும் ஆர்ஜிரோடெஸ் என்ற ஒரே பெயரின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. இவற்றுள் முதலாவது, பெரிய சிலந்திகளின் வலையில் குடியிருந்து இரையைத் திருடுவது; ஜவ்வாது மலையில் ஒரு பெரிய மரச்சிலந்தியின் வலையில் வெள்ளித் துளிகளைப் போல் இவை ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, முதலில் பனித்துளி என்றே எண்ணினேன். இரண்டாவது, காய்ந்த குச்சியைப் போல் நீண்டு மெலிந்து, ஓரிரு இழைகளை மட்டும் கட்டிக் காத்திருப்பது. மூன்றாவது, பிற சிலந்திகளையே வேட்டையாடுவது. பிற்கால ஆய்வுகளில் இவை மீண்டும் தனித்தனிப் பேரினங்களாயின. ஆயினும் மூன்றும் ஒரே துணைக்குடும்பத்தில்தான் இருக்கின்றன. வாழும் முறையில் இவ்வளவு வேறுபட்டவை உறவில் இவ்வளவு நெருக்கமானவை என்பதைச் சொல்வதே வகைப்பாட்டின் வேலை.

சீப்பு ஒன்றை மட்டும் வைத்தும் முடிவு செய்துவிட முடியாது. குகைகளில் வாழும் நெஸ்டிசிடே என்னும் வேறொரு குடும்பத்திற்கும் அத்தகைய சீப்பு உண்டு. எனவே கண்களின் அமைப்பு, இனப்பெருக்க உறுப்புகள், இப்போது மரபணு வரிசை எனப் பலவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

இனி சிலந்திப் படம் வெளியிடும்போது, குடும்பப் பெயரோடு நின்றுவிடாமல், பேரினப் பெயரையும் அது எங்கே எடுக்கப்பட்டது என்பதையும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். லாட்ரோடெக்டஸ் படத்திற்குக் கீழே மட்டும் எச்சரிக்கை வரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.